பொருநைக் கரையோரம் – 6: நெல்லையிலிருந்து கடல் வரை

சென்ற வாரம் பாபநாசத்தில் புறப்பட்டு, சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகத் திருநெல்வேலி வந்து சேர்ந்தோம். இனி இருப்பது ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் வரை.

ஒரே நாளில் நவதிருப்பதி ஒன்பதையும் காட்டிவிடுகிறேன் என்று வேன்காரர்கள் சொல்வார்கள். காட்டவும் செய்வார்கள். ஆனால் அந்த ஓட்டத்தில் ஆறு கண்ணில் படாது. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிக்காடு சாலையோரத்திலேயே இருந்தும், வண்டி நிற்காமல் போய்விடும். என் யோசனை இதுதான்: ஒன்பதில் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தென்கரை, மறுநாள் வடகரை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு இரண்டு கரைக்கும் சொந்தம் என்பது அப்போதுதான் புரியும்.

போகும் மாதம் முக்கியம். பிசானப் பயிர் கதிர் வாங்கி நிற்கும் ஜனவரி, பிப்ரவரிதான் இந்தச் சாலைக்கு அழகு. வயலும் வாழையும் இரு பக்கமும் கூடவே வரும். நவம்பர், டிசம்பரைத் தவிர்த்துவிடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரல் துண்டிக்கப்பட்டுத் தனித் தீவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது.

அடுத்தது நேரக் கணக்கு. இங்கே பெரும்பாலான கோயில்களில் நண்பகலோடு நடை சாத்திவிட்டு, மாலை 4, 5 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அதனால் திருச்செந்தூர் சாலையில் முதலில் வரும் ஊரில் முதலில் இறங்குவது சரிவராது. விடிந்ததும் கிளம்பி நேரே ஆழ்வார்திருநகரிக்குப் போய்விடுங்கள். நம்மாழ்வார் அவதரித்த திருக்குருகூர் அது. அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் புளியமரம் ஆதிநாதர் கோயிலுக்குள் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து ஆற்றோட்டத்துக்கு எதிர்த் திசையில் திரும்பி வந்து ஆற்றைக் கடந்தால் (முதல் நாளில் இது ஒன்று மட்டும் வடகரை), நடை சாத்துமுன் ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரானைப் பார்த்துவிடலாம். குமரகுருபரர் பிறந்த ஊர் இது. ஊரை ஒட்டியிருக்கும் அணைக்கட்டையும் அவசியம் பாருங்கள். மலையிலிருந்து வரும் ஆற்றின் குறுக்கே வரிசையாக இருக்கும் எட்டு அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி. மேலே ஏழு இடங்களில் பகிர்ந்துகொடுத்துவிட்டு வந்த தண்ணீரை இங்கே கடைசியாக ஒரு முறை இரு பக்கக் கால்வாய்களிலும் திருப்பிவிடுகிறார்கள்.

வெயில் ஏறிய பிறகு ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். தங்க நெற்றிப்பட்டங்கள், விலங்கு உருவங்கள் கொண்ட வெண்கல மூடிகள், இரும்பு ஆயுதங்கள் என்று அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2004இல் சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியது. அதன் முழு அறிக்கைக்காகத் தமிழ்நாடு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது, நீதிமன்றம் வரை போனது. இப்போது தாழிகளை அவை கிடைத்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டு, நடந்தபடி பார்க்கும்படி தள அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். போகுமுன் விடுமுறை நாளை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பார்த்து முடித்ததும் உடனே காரில் ஏறிவிடாமல், அந்தப் பறம்பின் மீது நின்று சுற்றிலும் பாருங்கள். காலடியில் கல்லும் சரளையுமான மேட்டுநிலம், சற்றுத் தள்ளி ஆறு, வயல். உழவுக்கு ஆகாத நிலத்தை இறந்தவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, நீர் பாயும் நிலத்தைப் பயிருக்கு வைத்துக்கொண்டவர்கள் இந்தத் தாழிகளைப் புதைத்தவர்கள். இந்த ஏற்பாட்டை எந்தக் காட்சிப் பெட்டிக்குள்ளும் வைத்துக் காட்ட முடியாது. நேரில் வருவதே இதற்காகத்தான்.

மாலையில் திருநெல்வேலி திரும்பும் வழியில் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலச் சிற்பங்கள், ஒவ்வொன்றும் ஒற்றைக் கல்லில் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. குறவன் சிற்பத்தின் நரம்பையும் நகத்தையும் பார்க்கவாவது அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மறுநாள் வடகரை. பெருங்குளத்துக்கு அருகில் சிவகளை. அங்கே ஒரு தாழியில் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. அதே சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரம் ஆண்டுவரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோது, உலகமே திரும்பிப் பார்த்தது. ஏரல் தாண்டினால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க மாலுமியின் பெரிப்ளூசிலும் தாலமியின் நூலிலும் பெயர் உள்ள ஊர். இன்று கடல் பல கிலோமீட்டர் விலகிப்போய், வாழைக்கும் நெல்லுக்கும் நடுவில் ஒரு பழைய வன்னிமரமும் அக்கசாலைப் பிள்ளையார் கோயிலுமாக இருக்கிறது. கடலைத் தள்ளிவைத்தது இந்த ஆறு சுமந்துவந்த வண்டல்தான். கொற்கை தூர்ந்தபின் துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. மார்க்கோ போலோ எழுதிய காயல் இன்றைய பழையகாயல் என்பது கால்டுவெல்லின் முடிவு. ஆத்தூரில் வெற்றிலை வாங்கிக்கொண்டு புன்னைக்காயல் போனால், ஆறு முடிகிற இடம்.

திரும்புவதற்குத் தூத்துக்குடி – நெல்லை நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். வல்லநாடு தாண்டியதும் முறப்பநாடு. நவகைலாயங்களில் ஒன்று இந்த ஊரின் படித்துறையில்தான் இருக்கிறது. 2023 ஏப்ரலில் இங்கே கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர், ஆற்று மணல் திருட்டைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காகத் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அகழாய்வுக் குழிகளைப் போலவே இதுவும் இந்த ஆற்றின் வரலாறு. முறப்பநாட்டில் வண்டியை நிறுத்தி, படித்துறைக்கு இறங்குங்கள். உடன் வரும் பிள்ளைகளிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். குளித்துவிட்டு ஈரத் துணியை ஆற்றோடு விடும் வழக்கத்தை அங்கேயே கைவிடுங்கள்.

(பயணம் தொடரும்)