கேட் திறந்திருக்கு... உள்ளே வாங்க!

குட்டீஸ்! முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு கேட்டைத் திறந்து, "உங்க தோட்டத்தைப் பார்க்க வந்தேன்" என்று உள்ளே நுழைந்தால் என்ன ஆகும்? நாய் குரைக்கும். "யாருப்பா நீ?" என்று தாத்தா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கொண்டு கேட்பார்.

ஆனால், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், வசந்த காலத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் நீங்கள் இப்படித் தாராளமாக நுழையலாம். வீட்டுக்காரரே வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க" என்று அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டுவார். செடிகளின் பெயரைச் சொல்வார். எத்தனை கேள்வி கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்வார்!

இதுதான் தோட்டச் சுற்றுலா. இதை நடத்துபவர்கள் அந்தந்த ஊரில் உள்ள செடிப் பிரியர்கள்.

சங்கம் பிறந்த கதை

கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள மலையில், அந்த மாநிலத்திலேயே இயற்கையாக வளரும் செடிகளுக்கென்று ஒரு தாவரத் தோட்டம் உண்டு. 1960களில் அந்தத் தோட்டத்துக்கு ஆபத்து வந்தது. பொதுமக்கள் பலர் ஒன்றுகூடிப் போராடி அதைக் காப்பாற்றினார்கள்.

வேலை முடிந்ததும் அவர்கள் கலைந்து போய்விடவில்லை. 1965ல் 'கலிபோர்னியா நாட்டுத் தாவரச் சங்கம்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இப்போது அதற்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்க்கிளைகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த சிலிக்கான் பள்ளத்தாக்கில் உள்ள கிளை, 2003ல் தோட்டச் சுற்றுலாவைத் தொடங்கியது.

முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்தால் தோட்டங்களின் பட்டியல் கிடைக்கும். எந்தத் தோட்டத்தை முதலில் பார்ப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம். செடி பறிக்கக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது, நாய்க்குட்டியை அழைத்து வரக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்!

புல்தரை எங்கே போச்சு?

சரி, நாமும் கற்பனையில் ஒரு தோட்டத்துக்குள் போவோமா?

முதலில் கண்ணில் படுவது, ஆரஞ்சு நிறத்தில் சிரிக்கும் கலிபோர்னியா பாப்பி. 1903 முதல் இதுதான் அந்த மாநிலத்தின் மலர். வெயில் இருந்தால் விரியும். இருட்டினால் குடையை மடக்குவது போல இதழ்களை மூடிக் கொள்ளும். அதன் பக்கத்தில் கொத்துக் கொத்தாக நீல நிறப் பூக்கள். அது சியனோதஸ். அந்தப் பூவைத் தண்ணீர் விட்டுக் கசக்கினால், நம் ஊர் பூந்திக்கொட்டை போல நுரை வரும்!

ஒன்றைக் கவனித்தீர்களா? அமெரிக்க வீடுகளின் முன்னால் வழக்கமாக இருக்கும் பச்சைப் பசேல் புல்தரையை இங்கே காணோம். ஏன்?

கலிபோர்னியாவின் பெரும்பகுதியில் மழை பெய்வது குளிர்காலத்தில்தான். கோடையில் மாதக்கணக்கில் ஒரு சொட்டுகூட விழாது. புல்தரையோ கோடை முழுதும் தண்ணீர் கேட்கும். இதனால் பல வீடுகளில் செலவாகும் தண்ணீரில் ஏறத்தாழ பாதி, வீட்டுக்கு வெளியே தோட்டத்துக்கே போய்விடும். 2012 முதல் 2016 வரை அங்கே கடும் வறட்சி. 2015ல் 'நகரங்களில் தண்ணீர்ச் செலவைக் கால்வாசி குறைக்க வேண்டும்' என்று மாநில ஆளுநர் உத்தரவு போட்டார். புல்தரையை எடுப்பவர்களுக்குப் பணம் கொடுத்த ஊர்களும் உண்டு.

புல்லை எப்படி எடுப்பது? மண்வெட்டிகூட வேண்டாம். புல்லின் மேல் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, நன்றாக நனைத்து, மேலே மரத்தூள் சில்லுகளைக் கொட்டிவிடுவார்கள். வெளிச்சம் கிடைக்காமல் புல் செத்து, மக்கி, மண்ணோடு உரமாகிவிடும். மழைக்காலம் தொடங்கும் முன் அங்கே அந்த மண்ணுக்கே உரிய செடிகளை நடுவார்கள். அந்த மழைக்கும் அந்த வெயிலுக்கும் காலங்காலமாகப் பழகிய செடிகளாயிற்றே! வேர் பிடித்துவிட்டால் அதிகத் தண்ணீர் கேட்காது.

இலையில் ஓட்டை இருந்தால் சந்தோஷம்!

நம் வீட்டுச் செடியில் புழு இருந்தால் என்ன செய்வோம்? 'ஐயய்யோ!' என்று மருந்து அடிப்போம். இந்தத் தோட்டக்காரர்களோ, "பாருங்க, எத்தனை ஓட்டை!" என்று பெருமையாகக் காட்டுவார்கள். காரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 'சிக்கடி' என்ற குருவி இருக்கிறது. உருவத்தில் சின்னஞ்சிறியது. அது ஒரு முறை பொரிக்கும் குஞ்சுகளை வளர்த்துப் பறக்க விடுவதற்குள் எத்தனை புழுக்கள் வேண்டும் தெரியுமா? ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம்! புழு இல்லாவிட்டால் குருவி இல்லை. பல புழுக்கள் வெளிநாட்டு அழகுச் செடிகளைத் தொடுவதே இல்லை. சொந்த மண்ணின் செடிகளைத்தான் தின்னும்.

தோட்டத்தின் ஒரு மூலையில் வெறும் மண்ணாக விட்டிருப்பதையும் பார்க்கலாம். சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். கலிபோர்னியாவில் சுமார் 1,600 வகை நாட்டுத் தேனீக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை கூடு கட்டாமல், மண்ணில் துளை போட்டுத் தனியாக வாழ்பவை. அந்த மண்தான் அவற்றின் வீடு!

ஆசையாக நட்ட செடியே ஆபத்தா?

இப்போது ஒரு கவலையான விஷயம். மோனார்க் என்ற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிர்காலத்தில் இவை கலிபோர்னியாவின் கடற்கரை ஓரத்து மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கி ஓய்வெடுக்கும். 1980களில் அங்கே லட்சக்கணக்கில் இருந்தன. தொண்டர்கள் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். 2020ல் எண்ணியபோது இருந்தவை 2,000க்கும் குறைவு! 2021ல் 2 லட்சத்து 47 ஆயிரமாக உயர்ந்து எல்லோருக்கும் மூச்சு வந்தது. 2024ல் மறுபடியும் 9,119 ஆகச் சரிந்துவிட்டது.

மோனார்க்கின் புழு தின்பது 'மில்க்வீட்' எனப்படும் பால் வடியும் செடியை மட்டுமே. அதைக் கேள்விப்பட்டவர்கள் கடைக்கு ஓடினார்கள். அழகாகச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மில்க்வீட்டை வாங்கி நட்டார்கள். ஆனால், அது வெப்ப நாடுகளிலிருந்து வந்த வகை. கலிபோர்னியாவின் சொந்த மில்க்வீட், குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கிவிடும். இதுவோ ஆண்டு முழுதும் பச்சையாகவே நிற்கும். அதனால் மோனார்க்கைத் தாக்கும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி, இலைகளில் சேர்ந்துகொண்டே போகும். அதைத் தின்ற புழு, சிறகு சரியாக விரியாத வண்ணத்துப்பூச்சியாக வெளிவரலாம். 2022ல் சில மாவட்டங்களில் அந்தச் செடியை விற்பதற்கே தடை வந்தது.

நல்ல மனசு மட்டும் போதாது, குட்டீஸ். சரியான செடி எது என்றும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டச் சுற்றுலாவின் உண்மையான பயன் இதுதான். தவறான செடியை நட்டுவிட்டுப் பிறகு மாற்றியவர், "நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்" என்று நேரில் சொல்லும்போது அது மறக்காது.

நம் ஊர் மில்க்வீட்!

மில்க்வீட்டுக்கு நம் ஊரில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். யார்? ரோட்டோரத்தில் சும்மா முளைத்து நிற்கும் எருக்கஞ்செடிதான்! இரண்டும் ஒரே குடும்பம். மோனார்க்கின் நெருங்கிய உறவினரான 'வெந்தய வரியன்' வண்ணத்துப்பூச்சி, எருக்க இலையில்தான் விரும்பி முட்டையிடும். அதன் புழு எருக்கம்பாலில் உள்ள நஞ்சைத் தின்று உடம்பில் சேர்த்துக் கொள்ளும். அதைக் கொத்தும் பறவை, 'சீ, கசப்பு!' என்று துப்பிவிடும். மோனார்க்கும் இதே தந்திரத்தில்தான் தப்பிக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஒரு சுற்றுலா கிளம்புங்களேன். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து, பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, தெருவில் உள்ள தோட்டங்களைப் பாருங்கள். என்ன செடி, யார் நட்டது, அதற்கு எந்தப் பூச்சி வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். வழியில் எருக்கஞ்செடி தென்பட்டால் குனிந்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு இருக்கலாம். கண்ணால் மட்டும் பாருங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரும் ஆபத்து.

பார்த்துவிட்டு வந்ததும், "அந்த எருக்கஞ்செடியை வெட்டிப் போடணும்" என்று யாராவது சொன்னால், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்தானே?