ஒன்பது படங்கள், ஒரே கட்டம்

டிஜிட்டல் கேமராவோ கேமரா மொபைலோ வாங்கிய சில மாதங்களில் கம்ப்யூட்டரில் படங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து விடுகின்றன. அவற்றில் ஒன்பதை மூன்றுக்கு மூன்று கட்டமாக அடுக்கி ஒரே படமாக்குவது எப்படி என்று பார்ப்போமா? வார நாட்களில் சாஃப்ட்வேர் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோகிராபி வகுப்பு என்று இருக்கும் எனக்கு, வகுப்பில் கொடுத்த பயிற்சி இது.

உத்தி பழையதுதான். குதிரை ஓடுவதையும் மனிதன் நடப்பதையும் நொடி நொடியாகப் பிடித்து, கட்டம் கட்டமாக அடுக்கி 781 பக்கங்களாக 1887-ல் வெளியிட்டார் எட்வர்ட் மைபிரிட்ஜ். ஓவியர் டேவிட் ஹாக்னி 1982-ல் போலராய்டு படங்களை ஒட்டி ஒரே காட்சியை உருவாக்கினார். என்னை அதிகம் கவர்ந்தவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதி. 1959-லிருந்து தண்ணீர்த் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள், உலைகள் என்று ஒரே வகைக் கட்டடங்களை ஒரே கோணத்தில், மேகமூட்டமான வெளிச்சத்தில் கருப்பு வெள்ளையில் எடுத்து அடுக்கினார்கள். அவற்றில் பல பிறகு இடிக்கப்பட்டு விட்டன.

நான் எடுத்துக் கொண்டது நம் ஊர்களின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள். காரணம் உண்டு. அம்மாவின் ஊரில் உள்ள தொட்டியின் தூண்களில் விரிசல் விட்டு, இடிக்கப் போவதாக அறிவிப்பு ஒட்டி விட்டார்கள். அது போவதற்குள் சுற்றுவட்டாரத் தொட்டிகளையும் சேர்த்து எடுத்து விட நினைத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒரே தொட்டிதான். ஒன்பதையும் அடுக்கியதும் ஒன்றுக்கு நாலு கால், ஒன்றுக்கு ஆறு கால், ஒன்றுக்கு மட்டும் சுழல் படிக்கட்டு என்று வித்தியாசங்கள் துள்ளிக் கொண்டு வந்தன.

இதற்குப் படம் எடுக்கும் போதே கவனம் வேண்டும். பொருள் மட்டுமே மாற வேண்டும். மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். கேமராவை ஆட்டோவில் விட்டால் ஒரு படம் நீலமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் வரும். எனவே ஒயிட் பேலன்ஸை 'கிளவுடி' போன்ற ஒன்றில் நிலையாக வையுங்கள். பல மொபைல்களில் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகசும் வெளிச்ச அளவும் பூட்டிக் கொள்ளும். கட்டடங்களைத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். அருகில் நின்று அண்ணாந்து எடுத்தால் தூண்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும்.

இனி கம்ப்யூட்டர் வேலை. வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் இர்ஃபான்வியூ போதும். (தானாகவே கொலாஜ் செய்து தரும் மென்பொருட்களை நான் தொடுவதில்லை, தலையை எங்கே வெட்டும் என்று சொல்ல முடியாது.)

முதலில் அளவுக் கணக்கு. 8 அங்குலச் சதுரமாக, 300 டிபிஐ-யில் அச்சிட 2400 பிக்சல் வேண்டும். ஓரங்களிலும் நடுவிலுமாக 4 இடைவெளிகள், ஒவ்வொன்றும் 30 பிக்சல் என்றால் 120 போகும். மீதி 2280-ஐ மூன்றால் வகுத்தால் 760. ஆக ஒவ்வொரு படமும் 760 பிக்சல் சதுரம். 12 மெகாபிக்சல் படம் நினைவகத்தில் திறந்தால் சுமார் 36 எம்பி பிடிக்கும். ஒன்பதுக்கும் 324 எம்பி. பழைய கம்ப்யூட்டர் திணறும். அதனால் முதலில் சிறிதாக்கி விடுவது நல்லது.

ஷிஃப்ட்+சி அழுத்தி, 1:1 விகிதத்தைத் தேர்ந்தெடுத்து, பொருள் நடுவில் வரும்படி நகர்த்தி, கண்ட்ரோல்+ஒய் கொடுத்து வெட்டுங்கள். பிறகு கண்ட்ரோல்+ஆர் மூலம் 760-க்கு மாற்றி, 01, 02 என்று வரிசைப் பெயரிட்டு வேறு ஃபோல்டரில் சேமியுங்கள். அசல் படத்தின் மேல் சேமித்து விடாதீர்கள்.

இப்போது டி விசையை அழுத்தினால் தம்ப்நெயில் விண்டோ திறக்கும். ஒன்பதையும் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் 'கான்டாக்ட் ஷீட்' உருவாக்கும் கட்டளையைக் கிளிக் செய்யுங்கள். 3 வரிசை, 3 பத்தி, 2400-க்கு 2400, இடைவெளி 30, வெள்ளைப் பின்னணி என்று கொடுங்கள். படத்தின் கீழே எழுத்து வேண்டாம் என்றால் அதற்கான பெட்டியைக் காலி செய்து விடுங்கள்.

வந்ததை உடனே அச்சுக்கு அனுப்ப வேண்டாம். வரிசையை மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் முதலில் போவது நடுக் கட்டத்துக்குத்தான். என் அடுக்கில் அங்கே விரிசல் விட்ட தொட்டி இருக்கிறது.