போர் நடக்காத நிலப்பறிப்பு

2017 ஜனவரியில் செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடினார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. ஃபுளோரிடாவின் தென்கோடிச் சதுப்புப் பகுதிதான் செமினோல் பழங்குடிகளின் கடைசிப் புகலிடம். அவர்களின் நிலத்துக்காக 1817க்கும் 1858க்கும் இடையே மூன்று போர்களை நடத்தியது அமெரிக்கா. பேச்சுவார்த்தைக்கு வெள்ளைக்கொடியோடு வந்த செமினோல் தலைவர் ஓசியோலாவை 1837இல் சிறைப்பிடித்தது. பெரும்பாலானோர் மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தப்பட, சில நூறு பேர் மட்டும் சரணடையாமல் சதுப்புக்குள் தங்கினார்கள்.

இருளரோடு யாரும் போர் தொடுக்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமே போதுமாக இருந்தது. காப்புக்காடு என்று அறிவித்ததும் தேன், கிழங்கு, மூலிகை, விறகு எல்லாம் அதிகாரி மனம்வைத்தால் கிடைப்பவை ஆகிவிட்டன. உரிமை உள்ளவர்கள் கெடுவுக்குள் முறையிடலாம் என்று சட்டம் சொன்னது உண்மைதான். எழுத்தே அறியாதவர்கள் அரசிதழைப் படித்தா முறையிடுவார்கள்? செமினோல்களிடம் மீறப்பட்ட ஒப்பந்தங்களாவது இருந்தன. அந்த நிலத்துக்காக 1950இல் தொடுத்த வழக்கில் 1976இல் 1.6 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது. இருளர் கையில் அப்படிக் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை.

அலைந்து திரிந்தவர்களுக்கு நிலம் ஏது என்பார்கள். செமினோல்களின் முன்னோரும் 18ஆம் நூற்றாண்டில்தான் வடக்கிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வந்தார்கள். அதனால் அவர்கள் கோரிக்கை செல்லாமல் போகவில்லை. சட்டம் இல்லாவிட்டால் காடே மிஞ்சியிருக்காது என்ற வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பாம்புத்தோல் வணிகத்துக்கு முடிவுகட்டியது சரியே. ஆனால் அந்த வணிகத்தை நம்பியிருந்த இருளர்களுக்கு 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து, பாம்பை மறுபடி காட்டில் விடுகிறார்கள். காட்டையும் அதை அறிந்தவர்களையும் சேர்த்தே காக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இதிலும் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பது வனத்துறையின் அனுமதிக்குள் அடங்கியது.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்துவிட்டதே என்றால், அது காட்டில் வாழ்வோரை, காட்டை நம்பிப் பிழைப்போரைத் தேடுகிறது. இங்குள்ள இருளர் பலர் எப்போதோ ஏரிக்கரைக்கும் புறம்போக்குக்கும் அரிசி ஆலைக்கும் வந்துவிட்டார்கள். ஆனாலும் அதன் விதிகள் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதையும் சான்றாக ஏற்கின்றன. எந்தக் காட்டில் எந்தப் பருவத்தில் எதை எடுத்தார்கள் என்று சொல்லக்கூடிய கிழவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வாங்கவேண்டும்.