தெய்வ தசகம்: பிறவிக் கடலில் ஒரு நீராவிக் கப்பல்

தெய்வ தசகம் என்பது பத்தே செய்யுள் கொண்ட மலையாளப் பிரார்த்தனை. 1914இல் இதை இயற்றிய ஸ்ரீ நாராயண குரு, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தை அடுத்த செம்பழந்தியில், வயல்வாரம் என்ற வீட்டில் 1856இல் பிறந்தவர்.  

குரு பிறந்த ஈழவ சமூகத்தார் அன்றைய திருவிதாங்கூரில் பெருங்கோயில்களுக்குள் நுழைய முடியாது. கோயிலைச் சுற்றிய பல தெருக்களில் நடக்கவும் தடை. துன்பம் வந்தால் போய் முறையிடுவதற்குரிய சந்நிதியே அவர்களுக்கு அடைபட்டிருந்தது. குரு 1888இல் நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் ஆற்றுக் கல் ஒன்றைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். தெய்வ தசகமோ அந்தக் கல்லையும் கேட்பதில்லை. எங்கே நின்றும் சொல்லலாம்.

பாடல் முறையீட்டில் தொடங்குகிறது. கைவிடாமல் காக்க வேண்டும் என்பதே முதல் வேண்டுகோள். பிறவி கடல், இறைவன் மாலுமி, அவன் திருவடி ஒரு பெரிய நீராவிக் கப்பல். பிறவியைக் கடலாகச் சொல்வது திருக்குறளின் முதல் அதிகாரத்திலேயே உண்டு. அதில் நீராவிக் கப்பலை ஓட்டியதுதான் குருவின் புதுமை. மூன்றாம் செய்யுள் சோறும் துணியும் முட்டில்லாமல் தருபவனே தலைவன் என்கிறது. ஞானியின் பாட்டில் இவ்வளவு வெளிப்படையாகச் சோறு வருவது அழகு. அதன்பின் வேண்டுதல் குறைந்து துதி ஓங்குகிறது: படைத்தவனும் படைப்பும் நீயே, உள்ளும் புறமும் நிறைந்தவன் நீயே என்று வளர்ந்து, எட்டாம் ஒன்பதாம் செய்யுள்களில் வெற்றி முழக்கமாகிறது. கடைசிச் செய்யுளில் கடல் மறுபடி வருகிறது. தொடக்கத்தில் கடந்தாக வேண்டியிருந்த கடல் இங்கே இறைவனின் பேரொளிக் கடல். அதில் எல்லாரும் ஆழ்ந்து இன்பமாய் வாழ வேண்டும் என்பதே முடிவு. துன்பத்தைத் துடைத்துவிடு என்று பாடல் எங்கும் கேட்கவில்லை. துன்பப்படுகிறவரின் பார்வை பத்துச் செய்யுளுக்குள் தன்னிடமிருந்து இறைவனிடம் திரும்பிவிடுகிறது.

பத்துச் செய்யுளில் முறையிடும் இந்தப் பதிக வடிவம் தமிழருக்கு அந்நியமன்று. சூலை நோயில் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடியதும், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டபோது பாடியதும் பதிகங்களே என்கிறது பெரிய புராணம். குருவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகம் கற்றவர், குமரி மாவட்டத்து மருத்துவாமலையில் தவம் இருந்தவர், தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் பாடியவர், குறளின் சில பகுதிகளை மலையாளத்துக்குக் கொண்டுபோனவர்.

இறைவனை நம்புவது கைகட்டி உட்கார்ந்திருப்பது ஆகிவிடாதா என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையில் விடை கிடைக்கிறது. பள்ளிக்கூடம் கட்டுங்கள், தொழில் தொடங்குங்கள், அமைப்பாகத் திரளுங்கள் என்று அவர் ஓயாமல் சொல்லிவந்தார். 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் என்ற அமைப்பு அவர் தலைமையில் உருவானது. 1924இல் கோயில் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கம் சத்தியாகிரகம் நடந்தபோது அங்கிருந்த தம் ஆசிரமத்தைப் போராட்டக்காரர்கள் தங்கக் கொடுத்தார், பொருளுதவியும் செய்தார். 1928இல் வர்க்கலை சிவகிரியில் அவர் மறைந்தார். திருவிதாங்கூர்க் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட பிரகடனம் 1936இல் வந்தது. தெய்வ தசகம் இன்றும் கேரளப் பள்ளிகளிலும் வீடுகளிலும் பாடப்படுகிறது.