கடல் கடந்த தொட்டில் – 11
தேறிய உடம்பு, முந்திய பருவம்

‘சாப்பாடு ஒழுங்காகப் போட்டால் பிள்ளை தானே தேறிவிடும்.’ அயல்நாட்டுக் குழந்தையைத் தத்தெடுத்தவர்களுக்கு உறவினர் சொல்லும் முதல் ஆறுதல் இதுதான். பொய்யும் இல்லை. 1989 டிசம்பரில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்தபின் ருமேனியாவிலிருந்து பிரிட்டனுக்குத் தத்துப்போன 165 குழந்தைகளை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் அரசு இல்லங்களில் கிடந்தவர்கள். வந்திறங்கியபோது ஏறக்குறையப் பாதிப் பேர் எலும்பும் தோலும். நாலைந்து வயதுக்குள் எடையும் உயரமும் மற்றப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டன. தலைச் சுற்றளவு மட்டும் பின்தங்கியே நின்றது. அந்தக் கதையைப் பிறகு பார்க்கலாம். தேறுவதற்கே உடம்பு ஒரு விலை கேட்கும் என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

அந்த விலையைக் கொடுத்தவர்களில் நம் நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன 107 பெண்களை உப்சாலா மருத்துவர்கள் ஆராய்ந்து 1990களின் தொடக்கத்தில் எழுதினார்கள். அந்தப் பெண்களில் பாதிப் பேர் 11.6 வயதுக்குள் பூப்பெய்தியிருந்தார்கள். ஸ்வீடன் பெண்களைவிட மட்டுமல்ல, இந்தியாவின் வசதியான வீட்டுப் பெண்களைவிடவும் இது சீக்கிரம். மிகக் குறைந்த வயது 7.3. இரண்டாம் வகுப்புப் பிள்ளை! வந்தபோது மிகவும் குன்றியிருந்து, பிறகு மளமளவென்று வளர்ந்தவர்களே முந்திப் பருவமடைந்தார்கள்.

ஏன் இப்படி? பஞ்சத்திலேயே பழகிய உடம்புக்குத் திடீரென்று சோறு கிடைக்கிறது. இனி வளரலாம் என்ற உத்தரவோடு பருவத்துக்கான உத்தரவும் மூளையிலிருந்து சேர்ந்தே கிளம்பிவிடுகிறது என்று மருத்துவர்கள் ஊகிக்கிறார்கள். பருவம் வந்ததும் பிள்ளை சட்டென்று உயரும், பெற்றோரும் பூரித்துப்போவார்கள். ஆனால் ஈஸ்ட்ரோஜன் சுரக்கச் சுரக்க எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்ளும். வகுப்பில் உயரமாக நின்ற சிறுமி, வளர்ந்து முடிந்தபின் குள்ளமாகத் தங்கிவிடுவது இதனால்தான். ஏழெட்டு வயதில் தீட்டுத்துணியோடு பள்ளிக்கூடம் போவதன் மனக்கஷ்டம் தனி.

இன்னொரு சிக்கல், பிறந்த தேதி. தெருவில் கண்டெடுத்த குழந்தைக்கு இல்லத்தார் குத்துமதிப்பாக ஒரு தேதி போட்டிருப்பார்கள். காகிதத்தில் ஏழு என்றிருக்கும் பிள்ளைக்கு உண்மையில் ஒன்பது ஆகியிருந்தால் அது முந்திய பருவமே அல்ல. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணிப்பார்கள். பட்டினி கிடந்த உடம்பில் எலும்பும் பின்தங்கியிருக்கும். அதனால் வந்த புதிதில் எடுக்கும் படத்தை நம்பி வயதைத் திருத்தக் கூடாது. ஓராண்டு நல்ல சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பார்ப்பதே முறை. பெற்ற தாய் எப்போது வயதுக்கு வந்தாள் என்று மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கும் இந்த வீடுகளில் பதில் இருக்காது.

மற்றப் பரிசோதனைகள் பலரும் அறிந்தவை: ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., காசநோய், ரத்தசோகை, குடற்புழு. ஊட்டம் குறைந்த உடம்பில் காசநோய்த் தோல் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். ஹெபடைடிஸ் பி தொற்று புதிதாக இருந்தால் ரத்தத்தில் தெரிய நாளாகும். எனவே இரண்டையும் சில மாதம் கழித்துத் திரும்பச் செய்கிறார்கள். இதையெல்லாம் முதல் ஆண்டோடு முடித்துக் கோப்பை மூடிவிடுகிற குடும்பங்கள் பல. என் பார்வையில் அங்கேதான் கவனம் தவறுகிறது. உயரத்தையும் எடையையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கும் வேலை பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிற்கக் கூடாது. எட்டு வயதுக்கு முன் மார்பு அரும்பினாலோ, உயரம் திடீரென்று தாவினாலோ குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் போக வேண்டும். பருவத்தை நிறுத்திவைக்க மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று என்று போடும் ஊசி இருக்கிறது. எலும்பு முனைகள் மூடுவதற்கு முன் தொடங்கினால்தான் அதனால் பயன்.

(தொடரும்)