மண்ணில் உறங்கும் கிருமி

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை ஆகிய மலைப் பகுதிகளில் வாழும் தோட்டத் தொழிலாளருக்கு மண் அன்றாடத் தோழன். கான் வெட்டும்போதும், லயத்தருகே மரக்கறிப் பாத்தி கொத்தும்போதும் கையும் காலும் சேற்றிலேயே இருக்கின்றன. உடலில் எதிர்ப்பாற்றல் உள்ளவரை இதனால் பெருந்தீங்கு நேர்வது அரிது. ஆனால் அதே தொழிலாளி புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வீடு திரும்பும்போது நிலைமை மாறிவிடுகிறது.

புற்றுநோய் மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களை அழிப்பவை. புற்றணுக்களோடு, எலும்பு மச்சையில் உண்டாகும் வெள்ளணுக்களும் அவற்றால் குறைந்துபோகின்றன. பெரும்பாலான மருந்துகளில், மருந்தேற்றிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே இக்குறைவு மிகுதி. காவலர் இல்லாத கோட்டைக்குள் பகைவர் நுழைவது எளிதன்றோ! பெரும்பாலும் நோயாளியின் குடலிலும் தோலிலும் வாழும் கிருமிகளே அப்போது இரத்தத்தில் புகுகின்றன. சிற்சில வேளைகளில் மண்ணிலும் நீரிலும் வாழும் அபூர்வக் கிருமிகளும் தாக்குகின்றன.

அவற்றுள் ஒன்று மெலியோய்டோசிஸ் என்னும் நோயை விளைவிக்கும் பக்டீரியா. இந்நோயை 1912ஆம் ஆண்டில் முதன்முதலாக விவரித்தவர்கள், இரங்கூனில் பணியாற்றிய விட்மோர், கிருஷ்ணசாமி என்னும் இரு மருத்துவர்கள். இலங்கையில் இது 1927ஆம் ஆண்டிலேயே பதிவாகியது. எனினும், நாட்டின் பல பகுதிகளிலும் இது உண்டென்பது அண்மைக் காலத்தில்தான் தெளிவாயிற்று. இக்கிருமி தோற்புண் வழியாகவும், மூச்சு வழியாகவும், அசுத்த நீர் வழியாகவும் உடலை அடைகிறது. மழைக்காலத்தில் இந்நோய் மிகும். நீரிழிவு உள்ளோரையே இது பெரிதும் பற்றுகிறது; சிறுநீரக நோயாளரும், புற்றுநோயாளரும், நீண்டநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோரும் இதற்கு இலக்காகின்றனர்.

நுரையீரல் அழற்சி, ஈரலில் சீழ்க்கட்டி, ஆறாத புண் எனப் பல வேடங்களில் வருவதால் இது சயரோகமென்று தவறாக எண்ணப்படுவதுண்டு. பெனிசிலின், ஜென்டமைசின் போன்ற மருந்துகளுக்கு இக்கிருமி பொதுவாகப் பணியாது. இரத்தத்தையோ சீழையோ ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தே இதனை இனங்காண வேண்டும். கண்டறிந்தபின் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது பத்து நாட்களுக்கும், அதன்பின் மாத்திரைகள் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கும் தேவைப்படும்.

ஆதலால், மருந்தேற்றிய ஒருவருக்கு உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், பனடோல் விழுங்கிவிட்டு விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. காய்ச்சலின் காரணம் எக்கிருமியாயினும், மணிக்கணக்கில் உயிர் போகக்கூடும். தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு வரவே நெடுநேரம் ஆகும் இடங்களில், வாகனத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைத்தல் நலம். வைத்தியசாலையை அடைந்தவுடன் கிளினிக் கொப்பியைக் காட்டி, இறுதியாக மருந்தேற்றிய நாளையும், சேற்றில் வேலை செய்ததையும், காலிலுள்ள புண்ணையும் மறவாமல் கூறவேண்டும்.

சிகிச்சைக் காலத்தில் மண்வேலையைப் பிறரிடம் விடுதல், வெளியே பாதணி அணிதல், புண்ணை மூடிவைத்தல், கொதித்தாறிய நீரைப் பருகுதல் ஆகியவை எளிய காவல்கள். புற்றுநோயோடு போராடி மீண்டுவரும் உயிரை ஒரு நாள் காய்ச்சலுக்குப் பறிகொடுக்காதிருக்க இவை பெரிதும் உதவும்.