பரணில் மூட்டை ஏற்றுமுன்...



அறுவடை முடிந்தால் வீட்டில் இடம் போதாது. திண்ணையில் பாதி, தாழ்வாரத்தில் பாதி என்று மூட்டைகள் கிடக்கும். அண்ணாந்து பார்த்தால் ஓட்டுக் கூரைக்குள் அத்தனை இடம் சும்மா இருக்கிறது. "விட்டத்து மேலே நாலு பலகையைப் போட்டா பரண் ஆச்சு" என்று தோன்றும். தப்பில்லை. ஆனால் கூரை எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

நான் பார்த்த ஒரு வீட்டில், பரணுக்கு ஏணி வைக்க வழி வேண்டுமென்று ஒரு விட்டத்தை அறுத்துவிட்டார்கள். மழை வந்து ஓடு நனைந்ததும் சுவரின் தலை வெளியே சாய்ந்து, விரல் நுழையும் அளவு விரிசல் கண்டது. ஏன்?

இரண்டு மூங்கில் கழிகளை நுனியில் கட்டி, கால்களை விரித்து நிறுத்தி, மேலே அழுத்திப் பாருங்கள். கால்கள் வெளியே ஓடும். இரண்டு காலையும் கயிற்றால் இணைத்துவிட்டால் ஓடாது. கழிகள்தான் கைமரங்கள், கயிறுதான் விட்டம். சுவரைப் பிடித்து வைத்திருப்பதே அதன் முதல் வேலை. 16 அடி அகல வீட்டில் 8 அடிக்கு ஒரு விட்டம் என்றால், ஒவ்வொன்றின் பங்குக்கும் சீமை ஓடும் மரமும் சேர்ந்து ஏறத்தாழ 700 கிலோ வரும். வழக்கமான சரிவில் அது விட்டத்தைச் சுமார் 300 கிலோ அளவுக்கு இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஆகவே விட்டத்தை அறுக்காதீர்கள். ஏணிக்கு வழியை இரண்டு விட்டங்களுக்கு நடுவே விடுங்கள். நடுவில் ஒட்டுப் போட்ட விட்டமானால், இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்குங்கள். வெறும் ஆணி போதாது.

அடுத்தது மூட்டை. 75 கிலோ மூட்டை பத்து ஏற்றினால் 750 கிலோ. அதாவது, இன்னொரு கூரையையே அந்த விட்டத்தின்மேல் வைத்த மாதிரி! அதுவும் நட்டநடுவில் குவித்தால், பரவலாக அடுக்குவதைப்போல இரு மடங்கு வளைக்கும். சுவரிலிருந்து 2 அடிக்குள் வைத்தால், நடுவில் வைப்பதில் பாதிகூட வளைக்காது. சங்கடம் என்னவென்றால், ஆள் நிமிர இடமிருப்பது நடுவில். பாரம் தாங்குவது ஓரத்தில். அதனால் நடுவை நடக்க விடுங்கள், பாரத்தை ஓரத்தில் அடுக்குங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் பரணையும் சேர்த்தே கணக்குப் போடலாம். வழக்கமான சரிவில் 16 அடி வீட்டுக்கு முகடு நாலரை அடிதான். குனிந்துதான் போக வேண்டும். சரிவைக் கூட்டி முகட்டை 8 அடிக்கு உயர்த்தினால் இடமும் கிடைக்கும், உதைப்பும் குறையும். ஓடு கூடுதலாகும், காற்றும் பலமாக மோதும்; கடலோரத்தில் யோசித்துச் செய்யுங்கள். நடுவில் ஒரே குத்துக்காலுக்குப் பதில், சுவரிலிருந்து மூன்றரை அடி தள்ளிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குத்துக்கால் நிறுத்தி, மேலே குறுக்குச் சட்டம் பூட்டினால் நடுவில் 9 அடி அகலத்துக்கு அறை கிடைக்கும். ஆனால் கூரைப் பாரத்தில் ஒரு பங்கு அந்தக் கால்கள் வழியே விட்டத்தில் இறங்கும். சுவரை இழுத்துப் பிடிப்பது, தளத்தைத் தாங்குவது, காலைத் தாங்குவது என்று விட்டத்துக்கு மூன்று வேலை. பழைய விட்டம் இதற்குப் போதாது.

மரத்தை வைக்கும் விதமும் முக்கியம். 3 அங்குலத்துக்கு 6 அங்குலக் கட்டையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அதே மரம் இரு மடங்கு தாங்கும், வளைவதும் நாலில் ஒரு பங்காகும். அளவை அனுபவமுள்ள ஆசாரியிடமோ பொறியாளரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே பரண் உள்ளவர்கள் இன்றைக்கே ஒரு காரியம் செய்யலாம். விட்டத்தின் இரு முனைக்கும் நூல் கட்டி இழுத்துப் பாருங்கள். நடுவில் மரம் நூலைவிட்டுத் தொய்ந்திருந்தால் பாரத்தை இறக்குங்கள். சுவருக்குள் இருக்கும் முனையைக் கரையான் தின்றிருக்கிறதா என்று ஊசியால் குத்திப் பாருங்கள்.

இன்னொன்று: ஓட்டுக்கடியில் கோடை வெப்பம் அதிகம். விதை நெல்லை அங்கே வைத்தால் முளைப்புத் திறன் குறையும். அதைக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.